திறக்காத பூட்டுகள்: கடவுச்சொல் இல்லாமல் நுழைவோருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கும் தொல்லை இனி இல்லை என்று சொல்லித்தான் கைரேகை வந்தது, முகம் வந்தது, போனிலேயே இருக்கும் மின்னணுச் சாவியான பாஸ்கீ வந்தது. தொல்லை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு ‘மறந்துவிட்டேன்’ என்பது ஒன்றுதான் புகார். இப்போது விரல் பொருந்தவில்லை, முகத்தை வங்கி ஏற்கவில்லை, பாஸ்கீயைக் காணவில்லை, மகன் குரலில் யாரோ ஓடிபி கேட்கிறார் என்று புகார்கள் பல வகை.

கீழே புகார் வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததைத் தேடிப்பிடித்து அங்கிருந்து படிக்கலாம். எந்தப் புகாரானாலும் போனில் கை வைக்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: திறக்காதது பழுதினாலா, திறக்கக் கூடாது என்று பூட்டே மறுத்ததாலா? பழுதென்றால் சரிசெய்யலாம். மறுப்பு என்றால் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடக் கூடாது. திருடர்கள் எதிர்பார்ப்பதே நாம் அப்படி வழி தேடுவதைத்தான். போலி மின்னஞ்சலை எழுத்துப்பிழையை வைத்தும், போலி அழைப்பைப் பேச்சின் வாடையை வைத்தும் கண்டுபிடித்த காலம் உண்டு. செயற்கை நுண்ணறிவு அந்த இரண்டு அடையாளங்களையும் துடைத்துவிட்டது. நம் கண்ணும் காதும் ஏமாறும் இடத்தில் பூட்டு ஏமாறாமல் நிற்கிறது என்றால், அதன் பேச்சைக் கேட்பதே நல்லது.

“விரலை வைத்தால் பொருந்தவில்லை என்கிறது”

முதலில் விரலைப் பாருங்கள், பிறகு போனை. பாத்திரம் துலக்கிய கை, வியர்த்த கை, மருதாணி காய்ந்து உரிகிற கை எதையும் ரேகையைப் படிக்கும் உணரிகள் விரும்புவதில்லை. துடைத்து உலரவிட்டு மீண்டும் வையுங்கள். அப்படியும் மறுத்தால், பதிந்த ரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். பதியும்போது போனை மேசையில் வைத்து நிதானமாக விரலை ஒற்றுவதுதான் பலரின் வழக்கம். திறக்கும்போதோ பஸ்ஸில் நின்றபடி ஒரு கையால் பிடித்து, கட்டைவிரலின் ஓரத்தைத்தான் வைக்கிறோம். எப்படித் திறப்பீர்களோ அப்படியே பிடித்துப் பதியுங்கள். ஒரே கட்டைவிரலை இரண்டு முறை, இரண்டு பெயரில் பதிந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

அடுத்து, திரையில் ஒட்டிய பாதுகாப்புத் தாள். உணரி திரைக்கு அடியில் இருக்கும் போன்களில் தாள் தடிமனாக இருந்தால் ரேகை சரியாகப் பதியாது. 2019இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போனில் இதே கோளாறு தலைகீழாக வெளிப்பட்டது. சில வகை சிலிக்கோன் உறைகளைப் போட்டதும் பதியாத விரலுக்கும் போன் திறந்தது. நிறுவனம் மென்பொருளைத் திருத்தி அனுப்பியது. ஆகவே புதிய தாள் ஒட்டிய அன்றே, பதியாத ஒரு விரலையும் வீட்டில் இன்னொருவர் விரலையும் வைத்துச் சோதியுங்கள். திறந்தால் தாளைக் கழற்றி எறியுங்கள்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பத்து விரலையும், கூடவே வீட்டுக்காரர் விரலையும் பதிந்து வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். போன் உணரி சிறியது. ரேகையின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறது. பதிந்திருக்கும் பல துண்டுகளில் எதோடு பொருந்தினாலும் திறந்துவிடும். 2018இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு, யாருடைய ரேகையும் அல்லாத, ஆனால் பலருடைய துண்டுகளோடு பொருந்தக்கூடிய செயற்கை ரேகைகளை, எடுத்துக்காட்டுகளிலிருந்து தானாகக் கற்கும் கணினி நிரலான நரம்பணு வலைப்பின்னல் மூலம் உருவாக்கிக் காட்டினார்கள். அது ஆய்வுக்கூடத்து வேலைதான். என்றாலும் பதியும் ஒவ்வொரு விரலும் கதவைக் கொஞ்சம் அகலமாக்குகிறது என்ற கணக்கு மாறாது. இரண்டு விரல் போதும்.

ஆதாரில் ரேகை பொருந்தாதது வேறு விவகாரம். அங்கே ஒப்பிடுவது உங்கள் போன் அல்ல, தொலைவில் இருக்கும் தரவகம். கட்டட வேலை, சலவை, வயல் வேலை செய்து தேய்ந்த விரல்களும், முதியவர்களின் விரல்களும் அடிக்கடி தோற்கின்றன. பதிவின்போது பத்து விரலும் எடுக்கப்பட்டிருப்பதால், வழக்கமான விரலையே அழுத்திக்கொண்டிருக்காமல் மற்றவற்றையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவிழியும் முகமும் மாற்று வழிகள். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளுக்குக் கருவிழிக் கருவி வந்ததற்குக் காரணமே இந்தத் தேய்ந்த விரல்கள்தான். திரையில் 330 என்ற பிழை எண் வந்தால் விரலில் குறையில்லை. உங்கள் உடற்கூறுப் பதிவு பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். எம்ஆதார் செயலியில் நீங்களோ உங்கள் பிள்ளையோ எப்போதோ பூட்டியிருப்பீர்கள். தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டிவிடுங்கள். சிலிக்கோனில் ரேகையைப் பிரதியெடுத்து, ஆதார் வழிப் பணமெடுப்பில் கணக்கைக் காலி செய்த வழக்குகள் நாட்டில் உண்டு. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலை என்ன செய்வது?

“போன் என் முகத்துக்குத் திறக்கிறது, வங்கிச் செயலி மட்டும் பின் (PIN) எண் கேட்கிறது”

இது பழுதே அல்ல. ஆனாலும் பழுது என்று கடையில் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டில் உடற்கூறு அடையாளங்கள் மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அளவுகோல், போலிகளைக் காட்டினால் எத்தனை சதவீதம் ஏமாறுகிறது என்பது. 7 சதவீதத்துக்கு மேல் ஏமாறாதது மூன்றாம் வகுப்பு, அதாவது வலுவானது. 20 சதவீதம் வரை ஏமாறுவது இரண்டாம் வகுப்பு. அதற்கும் மேல் என்றால் முதல் வகுப்பு; அது திரையைத் திறக்கும் வசதிக்கு மட்டும், செயலிகள் எதுவும் அதை நம்பக் கூடாது. விலை குறைந்த பல போன்களில் முகத்தைப் பார்ப்பது செல்ஃபி எடுக்கும் அதே சாதாரண கேமராதான். அதற்கு ஆழம் தெரியாது. முகமும் முகத்தின் புகைப்படமும் அதற்கு ஏறக்குறைய ஒன்று. வங்கிச் செயலி அந்த முகத்தைச் சட்டைசெய்யாமல் விரலையோ பின்னையோ கேட்கிறது என்றால் உங்கள் பணத்தின் மேல் அதற்கு அக்கறை இருக்கிறது. முகத்தை விட்டுவிட்டு விரலைப் பதிந்து, செயலியின் அமைப்புகளில் உடற்கூறு நுழைவை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். அதோடு புகார் தீரும்.

ஐபோனின் முக அடையாளம் வேறு வகை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின் மேல் தூவி, மேடுபள்ளத்தை அளக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் முகத்துக்குத் தவறாகத் திறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று ஆப்பிள் சொல்கிறது. அதே மூச்சில், இரட்டையர்களுக்கும் முகச்சாயல் உள்ள உடன்பிறப்புகளுக்கும் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்றும் சொல்கிறது. அண்ணன் போன் தம்பி முகத்துக்குத் திறந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பின் எண்ணுக்கு மாறிவிடுங்கள்.

“நேற்று வரை விரல் போதுமாக இருந்தது, இன்று திடீரென்று பின் கேட்கிறது”

விதிப்படி நடக்கிறது. போனை அணைத்து இயக்கினால் முதல் முறை பின் கேட்கும். வலுவான வகை உடற்கூறு அடையாளமானாலும் ஆண்ட்ராய்டு 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பின் கேட்கும், பலவீனமான வகைக்கு 24 மணி நேரம். ஐபோன் 48 மணி நேரம் திறக்கப்படாமல் கிடந்தாலும், ஐந்து முறை தவறினாலும் கேட்கும். ஆகவே விரல் வந்துவிட்டது என்று பின்னை மறந்துவிடாதீர்கள். விரலும் முகமும் ஒரு குறுக்குவழி மட்டுமே, அடிப்படைச் சாவி அந்தப் பின்தான். அது 1234 என்றிருந்தால், மேலே எத்தனை லட்சத்தில் ஒன்று என்று கணக்குச் சொன்னாலும் பயனில்லை.

கோடு இழுத்துத் திறப்பவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. ஒன்பது புள்ளிகளில் இழுக்கக்கூடிய கோலங்கள் மொத்தம் 3,89,112. எண்ணிக்கை பெரியதுதான், ஆனால் மக்கள் இடது மேல் மூலையிலிருந்து தொடங்கித் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். விரல் அசைவைத் தள்ளி நின்று படமெடுத்தே, திரையைப் பார்க்காமல், 95 சதவீதத்துக்கு மேற்பட்ட கோலங்களை ஐந்து முயற்சிக்குள் கண்டுபிடித்துவிட முடியும் என்று பிரிட்டிஷ், சீன ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். சிக்கலான கோலங்கள்தான் எளிதில் சிக்கின. வளைவு கூடக்கூட ஊகத்துக்குத் துப்பும் கூடியது. ஆறு இலக்கப் பின்னுக்கு மாறுங்கள்.

“ஆறு இலக்க எண்ணைச் சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்கிறது”

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி என்றால், நீங்கள் இரண்டு முறை ‘மீண்டும் அனுப்பு’ என்று அழுத்தியிருப்பீர்கள். முதலில் வந்தது அப்போதே செத்துவிட்டது. கடைசியாக வந்ததை அடியுங்கள்.

போன் செயலியே உருவாக்கிக் காட்டும் எண் என்றால், சந்தேகப்பட வேண்டியது கடிகாரத்தை. அந்த எண் எங்கிருந்தும் வருவதில்லை. உங்கள் போனும் அந்தத் தளமும் முதல் நாள் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன (நீங்கள் ஸ்கேன் செய்த கியூஆர் குறியீட்டுக்குள் இருந்தது அதுதான்). அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து இரண்டும் தனித்தனியே கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை ஒரே எண்ணை அடைகின்றன. போன் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கினால் விடை மாறிவிடும். தேதி, நேரம் பகுதிக்குப் போய் ‘தானாக அமை’ என்பதை இயக்குங்கள். அலாரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் பழைய வழக்கம் உள்ளவர்கள் வீட்டில் இந்தப் புகார் நிச்சயம்.

நேரம் சரி, எண்ணும் சரி, ஆனால் தளம் ‘தவறு, மறுபடி அடியுங்கள்’ என்கிறது என்றால் நிறுத்துங்கள். முகவரிப் பட்டையைப் பாருங்கள். போலித் தளம் நீங்கள் அடித்த எண்ணை வாங்கி, அந்த 30 விநாடிக்குள் உண்மையான தளத்தில் அடித்துவிட்டு, அடுத்த காரியத்துக்கு இன்னொரு எண் தேவைப்படுவதால் உங்களிடம் மறுபடி கேட்கக்கூடும். ஓடிபியின் அடிப்படைக் குறை இது. மனிதர் கண்ணால் படித்துக் கையால் அடிக்கக்கூடிய எதையும் இன்னொருவரிடம் கொடுக்கவும் வைக்கலாம். பணப் பரிவர்த்தனைகளில் எஸ்எம்எஸ் ஓடிபியோடு நின்றுவிடாமல் வேறு வழிகளுக்கும் இடம் தரும் விதிகளை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவித்தது. எஸ்எம்எஸ் ஓடிபி தடை செய்யப்படவில்லை. ‘ஓடிபி ஒழிகிறது, உடனே இந்த இணைப்பில் பதிவு செய்யுங்கள்’ என்று செய்தி வந்தால் அனுப்பியவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

“பாஸ்கீ வைத்திருந்தேன், இப்போது காணவில்லை”

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். இன்று இருக்கும் மாற்று வழிகளில் எனக்கு முழு நம்பிக்கை உள்ளது இது ஒன்றின் மேல்தான். அதிகக் குழப்பம் தருவதும் இதுதான்.

பாஸ்கீ என்பது ஒரு சாவி இணை. தனிச் சாவி உங்கள் சாதனத்தில் இருக்கும், பொதுச் சாவி மட்டும் தளத்துக்குப் போகும். நுழையும்போது தளம் ஒரு புதிய எண்ணை அனுப்பும். உங்கள் போன் விரலையோ பின்னையோ கேட்டு உறுதி செய்துகொண்டு, தனிச் சாவியால் அந்த எண்ணில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும். உங்கள் விரல் ரேகை போனை விட்டு வெளியே போவதில்லை. தளத்தின் தரவகம் முழுதும் களவு போனாலும் திருடனுக்குக் கிடைப்பது பொதுச் சாவிகள்தான். அவற்றை வைத்து யார் கணக்கிலும் நுழைய முடியாது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதம் சேர்ந்து இதற்கு ஆதரவு அறிவித்தன. 2023 அக்டோபரில் கூகுள் தன் கணக்குகளுக்கு இதையே முதல் தேர்வாக்கியது.

காணாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் சேமித்த இடம். ஐபோனில் வைத்தது ஆப்பிளின் சாவிக்கொத்தில் இருக்கும், ஆண்ட்ராய்டில் வைத்தது கூகுளின் கடவுச்சொல் நிர்வாகியில் இருக்கும். அலுவலக விண்டோஸ் கணினியில் வைத்தது அந்தக் கணினியோடு நின்றிருக்கலாம். கணவர் ஐபோனிலும் மனைவி ஆண்ட்ராய்டிலும் ஒரே மின்கட்டணக் கணக்கைப் பயன்படுத்தினால், ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொரு போனிலும் தனித்தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கணக்குக்குப் பல பாஸ்கீ வைக்கப் பெரும்பாலான தளங்கள் அனுமதிக்கின்றன. போன் ஆண்ட்ராய்டு 9க்கோ ஐஓஎஸ் 16க்கோ முந்தையது என்றால் தேடிப் பயனில்லை, இருக்காது.

கணினியில் நுழைய முயன்று திரையில் கியூஆர் குறியீடு வருகிறது, போனால் ஸ்கேன் செய்தும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், இரண்டிலும் புளூடூத் இயங்குகிறதா என்று பாருங்கள். இரண்டையும் இணைக்கத் தேவையில்லை, இயங்கினால் போதும். போன் கணினியின் பக்கத்தில்தான் இருக்கிறது என்று உறுதி செய்ய மட்டுமே புளூடூத். எங்கோ இருக்கும் ஒருவர் அந்தக் குறியீட்டை வாட்ஸாப்பில் அனுப்பி ‘ஸ்கேன் செய்யுங்கள்’ என்றால் வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

போன் பாஸ்கீயைக் காட்டுகிறது, விரலும் பொருந்துகிறது, ஆனால் தளம் ‘அடையாளம் தெரியவில்லை’ என்கிறது என்றால், தளத்தில் அதை நீங்கள் அழித்திருக்கிறீர்கள், போனில் அழிக்கவில்லை. பூட்டை மாற்றியாயிற்று, பழைய சாவி மட்டும் கையில் இருக்கிறது. போனிலிருந்தும் அழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: போனில் அழித்தாலும் தளத்தின் பட்டியலில் அது தொடர்ந்து நிற்கும். போனை விற்கும் முன் இரண்டு இடத்திலும் பார்த்துவிடுங்கள்.

புதிய போன் வாங்கியதும் ‘உங்கள் பழைய போனின் திரைப்பூட்டு எண்ணைத் தாருங்கள்’ என்று கேட்டால் பயப்பட வேண்டாம். சாவிகள் குறியாக்கம் செய்யப்பட்டே மேகத்தில், அதாவது நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளில் கிடக்கின்றன, கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ அவற்றைப் படிக்க முடியாது. பழைய எண்தான் அவற்றைத் திறக்கும். முயற்சிகளுக்கு வரம்பு இருப்பதால் ஊகித்து அடிக்காதீர்கள். போனின் அமைப்பு வேலை நடக்கும்போது திரையில் கேட்டால் மட்டும் தாருங்கள். தொலைபேசியில் அழைத்து ஒருவர் கேட்டால் தராதீர்கள்.

கடைசியாக, இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான அறிகுறி: வழக்கமாக பாஸ்கீயை நீட்டும் தளம் இன்று நீட்டவில்லை, பதிலுக்குக் கடவுச்சொல் கேட்கிறது. தோற்றம், நிறம், முத்திரை எல்லாம் அதேதான். கையை எடுத்துவிடுங்கள். பாஸ்கீ தள முகவரியோடு பிணைக்கப்பட்டது. ஓர் எழுத்து மாறிய முகவரியில் உங்கள் போன் அதைக் காட்டவே காட்டாது. இன்று ஒரு வங்கியின் தளத்தை எழுத்து பிசகாமல், நல்ல தமிழில், சில நிமிடத்தில் நகலெடுக்கச் செயற்கை நுண்ணறிவால் முடியும். நீங்கள் ஏமாறலாம், நானும் ஏமாறலாம். சாவி ஏமாறுவதில்லை, ஏனென்றால் அது தளத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை, முகவரியை ஒப்பிடுகிறது. அதனால்தான் ‘பாஸ்கீ வேலை செய்யவில்லையா? கடவுச்சொல்லால் நுழையுங்கள்’ என்ற வரியை மோசடிக்காரர்கள் விரும்பி எழுதுகிறார்கள். அந்த உலாவிப் பக்கத்தை மூடிவிட்டு, முகவரியை நீங்களே அடித்தோ செயலி வழியாகவோ போங்கள். அங்கே பாஸ்கீ வந்தால், முதலில் பார்த்தது போலி.

“நான் மனிதன்தான் என்று எத்தனை முறை நிரூபிப்பது?”

போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள், பிறகு பஸ், பிறகு படிக்கட்டு. முடிவில்லாமல் வருகிறது என்றால் முதலில் விபிஎன்னை (உங்கள் இணைய முகவரியை மறைக்கும் சேவையை) அணையுங்கள். பலர் பகிரும் இணைய முகவரியிலிருந்து வருபவர்களைத் தளம் சந்தேகிக்கும். குக்கீகளை (தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளை) தடுத்திருந்தாலும், மறைமுக உலாவலில் இருந்தாலும் இதே கதி.

உண்மையைச் சொன்னால் இந்தச் சோதனையின் காலம் முடிந்துவிட்டது. இதன் பழைய வடிவமான நெளிந்த எழுத்துகளைக் கணினியே 99.8 சதவீதம் சரியாகப் படிக்கிறது என்று 2014இல் கூகுள் அறிவித்தது. 2024இல் சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படக் கட்டங்களையும் நூற்றுக்கு நூறு தீர்த்துக்காட்டினார்கள். படிக்கட்டின் கைப்பிடியும் படிக்கட்டில் சேர்த்தியா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்க, இயந்திரம் தேறிப் போய்விடுகிறது. பார்வை குறைந்தவர்களுக்கு இது என்றுமே ஒரு வதை. தளங்கள் இப்போது நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டங்களைவிட, உங்கள் உலாவியும் அதன் நடத்தையும் எப்படி இருக்கின்றன என்பதையே அதிகம் கவனிக்கின்றன.

ஆபத்தான அறிகுறி வேறொன்று. ‘நீங்கள் மனிதர் என்று உறுதி செய்ய, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்துங்கள். பிறகு கண்ட்ரோல், வி. பிறகு என்டர்’ என்று ஒரு பெட்டி வரும். பார்க்க வழக்கமான சோதனை போலவே இருக்கும். முதல் அழுத்தத்தில் திறப்பது கணினிக்கு நேரடியாகக் கட்டளையிடும் சன்னல். இரண்டாவது, அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்திருந்த கட்டளையை அதில் ஒட்டுகிறது. மூன்றாவதை அழுத்தினால் திருட்டு மென்பொருள் இறங்கிவிடும். 2024 முதல் பரவலாக நடக்கும் மோசடி இது. எந்த உண்மையான சோதனையும் உலாவியை விட்டு வெளியே போகச் சொல்லாது.

அழுத்திவிட்டீர்களா? இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு சாதனத்திலிருந்து முக்கியக் கணக்குகளில் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைச் சொடுக்குங்கள். கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்கிறேன், காரணம் உண்டு. இந்த மென்பொருள் திருடுவது நீங்கள் ஏற்கெனவே நுழைந்திருப்பதற்கான குக்கீயை. அது கையில் இருந்தால் திருடனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், விரலும் வேண்டாம். பாஸ்கீயும் இங்கே காப்பாற்றாது; அது வாசலைக் காக்கும், வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர் கையிலுள்ள சீட்டைக் காக்காது. எல்லாம் முடிந்த பின் அந்தக் கணினியைத் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள்.

“கேட்காமலே ‘நீங்கள்தானா? அனுமதிக்கவா?’ என்று வந்துகொண்டே இருக்கிறது”

உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே யாரிடமோ போய்விட்டது. இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை ‘ஆம்’ என்று அழுத்திவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்: ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் பல முறை மறுத்து, கடைசியில் ஒன்றை ஏற்றுவிட்டார். ‘இல்லை’ என்று அழுத்துங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடிக்கச் சொல்லும் முறை இருந்தால் அதற்கு மாறுங்கள். எண் தெரியாமல் அனுமதிக்க முடியாது.

“குரல் அவனுடையதுதான், சந்தேகமே இல்லை”

“சித்தி, நான்தான். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, நண்பன் போனிலிருந்து பேசுகிறேன். உங்களுக்கு ஓர் எண் வரும், கொஞ்சம் சொல்லுங்கள்.” குரல் அவன் குரல், ‘சித்தி’ என்று இழுக்கும் இழுப்பும் அவனுடையதே.

குரலை வைத்து ஆளை அறியலாம் என்ற நம்பிக்கை முதலில் வங்கிகளிடமே ஆட்டம் கண்டது. 2017இல் பிரிட்டனில் ஒரு பிபிசி நிருபரின் வங்கிக் குரல்பூட்டை அவருடைய இரட்டைச் சகோதரரே பேசித் திறந்துவிட்டார். 2023 ஜனவரியில் மூன்று விநாடிப் பதிவை வைத்தே ஒருவர் குரலை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அறிவித்தனர். மூன்று விநாடி என்பது வாட்ஸாப்பில் அனுப்பும் மிகச் சிறிய குரல்செய்தி. படமும் தப்பவில்லை. 2024இல் அரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் காணொளிக் கூட்டத்தில் மேலதிகாரிகளைக் கண்டு, அவர்கள் சொன்னபடி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் அவர் கண்டவர்கள் அத்தனை பேரும் போலிகள்.

ஆகவே குரலில் குறை தேடாதீர்கள். மூச்சு சரியாக இருக்கிறதா, உதடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லும் அறிவுரைகள் மாதத்துக்கு மாதம் காலாவதியாகின்றன. செய்ய வேண்டியது ஒன்றுதான். “சரிப்பா, வைக்கிறேன்” என்று சொல்லித் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அவன் எண்ணுக்கு நீங்கள் அழையுங்கள். எடுக்கவில்லை என்றால் அவன் மனைவியை, அலுவலகத்தை அழையுங்கள். வீட்டுக்குள் மட்டும் புழங்கும் ஒரு கேள்வியை முன்கூட்டியே பேசிவைப்பதும் நல்லது. அதன் பதில் முகநூலில் இருக்கக் கூடாது. குலதெய்வத்தின் பெயர் உதவாது, திருவிழாப் படத்தோடு அதையும் போட்டிருப்பீர்கள். உங்கள் வங்கி குரல்வழி நுழைவைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த சின்னப் புகார்: ‘செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் வங்கியின் உதவி எண்ணைக் கேட்டேன், கொடுத்தது, அழைத்தால் செயலி ஒன்றை நிறுவச் சொல்கிறார்கள்.’ அந்த உதவியாளர் இணையத்தில் இறைந்து கிடப்பதைத்தான் பொறுக்கித் தருகிறது, போலி எண்களை அங்கே இறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணை அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புத்தகத்திலோ பாருங்கள். பிழைச்செய்தியைப் படமெடுத்து அந்த உதவியாளரிடம் காட்டி விளக்கம் கேட்பது பரவாயில்லை. படத்தில் ஓடிபியோ மீட்புக் குறியீடோ கியூஆரோ தெரியக் கூடாது.

“‘மிக வலுவானது’ என்று பச்சை காட்டிய கடவுச்சொல்லும் போய்விட்டது”

அந்தப் பச்சைப் பட்டை எண்ணுவது எழுத்து வகைகளை. பெரிய எழுத்தில் தொடங்கும் ஊர்ப் பெயர், நடுவில் ஒரு ‘அட்’ குறி, கடைசியில் பிறந்த ஆண்டு. எல்லா வகையும் இருக்கிறது, பச்சையும் வந்துவிடும். ஆனால் நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் வைக்கிறோம். 2009இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் குறியாக்கம் இல்லாமல் வெளியே வந்தன. முதலிடத்தில் இருந்தது 123456. அந்தத் தொகுப்பைப் படிக்கக் கொடுத்து, மனிதர்கள் கடவுச்சொல் வைக்கும் போக்கைத் தானாகக் கற்று ஊகிக்கும் நரம்பணு வலைப்பின்னலை 2017இல் ஆய்வாளர்கள் செய்துகாட்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், குறியும் எண்ணும் கட்டாயம், மாதாமாதம் மாற்று போன்ற பழைய விதிகளைக் கைவிட்டு, நீளத்துக்கு முதலிடம் தந்தது.

கடவுச்சொல் தவிர வழியே இல்லாத தளங்களில், நிர்வாகிச் செயலி உருவாக்கித் தருவதை வைத்துக்கொள்ளுங்கள். மனத்தில் வைக்க வேண்டிய ஒன்றிரண்டுக்குத் தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். பழமொழி, பாட்டின் முதல் வரி வேண்டாம். நாம் படித்ததையெல்லாம் அந்த ஊகிக்கும் நிரல்களும் படித்திருக்கின்றன. காணொளிக் கூட்டத்தில் இருக்கும்போது விசைப்பலகையில் கடவுச்சொல் அடிப்பதையும் தவிருங்கள். விசைகளின் ஓசையைக் கேட்டே, ஜூம் வழியாக 93 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், 2023இல்.

“போனே போய்விட்டது”

வரிசை முக்கியம். முதலில் இன்னொரு போனிலிருந்து சிம்மை முடக்கச் சொல்லுங்கள், ஓடிபிகள் திருடன் கைக்குப் போவது நிற்கும். அடுத்து கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து அந்தச் சாதனத்தைப் பூட்டுங்கள், கணக்கிலிருந்து வெளியேற்றுங்கள். பிறகு வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் இந்த வரிசையை விட்டுவிட்டு முதல் வேலையாக 1930க்கு அழையுங்கள். அங்கே நேரம்தான் எல்லாம். காவல்துறைப் புகாருக்குப் பின், அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை) கொடுத்தால் இந்தியாவில் எந்தச் சிம் போட்டாலும் போன் வேலை செய்யாதபடி தடுப்பார்கள். அந்த எண் வாங்கிய பெட்டியின் மேல் இருக்கும்.

கூகுள் கணக்கில் நுழைய எண் கேட்கிறது, எண்ணைத் தரும் செயலி தொலைந்த போனில் இருக்கிறது என்ற முட்டுச்சந்தில்தான் பலர் நிற்கிறார்கள். இதற்கான மருந்து போன் கையில் இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘மாற்றுக் குறியீடுகள்’ என்று பத்து எண்கள் தருவார்கள். அச்சிட்டு, ரேஷன் அட்டையும் பத்திரமும் இருக்கும் பையில் வையுங்கள். போனில் படமெடுத்து வைப்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். புதிய பட்டியல் எடுத்தால் பழைய தாள் செல்லாது, அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை வையுங்கள்.